ஆட்டிசம் உள்ள முதியவர்களுக்கு மறதிநோய்ப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன ஒற்றுமை? மறதிநோய்க்கான 'மோகா' பரிசோதனையில் வரும் கேள்வி இது. "இரண்டிலும் பயணம் போகலாம்" என்றால் மதிப்பெண் உண்டு. "இரண்டுக்கும் சக்கரம் இருக்கிறது" என்றால் கிடையாது. ஆட்டிசம் உள்ள ஒருவர் இருபது வயதிலும் சக்கரத்தைத்தான் சொல்லியிருக்கக்கூடும். எழுபதில் அதே பதில் அறிவாற்றல் குறைவதன் அறிகுறியாகிவிடுகிறது.

முதல் தவறு இதுதான்: 30க்கு 26க்குக் கீழே வந்தால் சந்தேகம் என்ற பொது அளவுகோலை அப்படியே இவர்கள்மீது போடுவது. நிதானமாக யோசித்துப் பதில் சொல்வது, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கத் திணறுவது எல்லாம் பலருக்கு ஆயுள் முழுக்க இருப்பவை. ஒப்பிட வேண்டியது அவருடைய பழைய நிலையோடுதான். அதனால் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பரிசோதித்துக் குறித்துவைப்பது பெரிய உதவி.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது என்பேன். "அவர் எப்பவுமே அப்படித்தான்" என்று எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். பஸ் நேரங்களை மனப்பாடமாகச் சொன்னவர் தினமும் போகும் வழியிலேயே தடுமாறினால், அது புதிது. சொல்வளம் மிக்கவர் 29 வாங்கிக்கொண்டே சரிந்துகொண்டிருக்கலாம்.

எப்போது தொடங்கியது என்று கேட்காமல் விடக்கூடாது. அமெரிக்க மனநல வகைப்பாட்டில் ஆட்டிசம் தனி நோயறிதலாக வந்ததே 1980இல்தான். அதற்கு முன் வளர்ந்த பலருக்கு யாரும் பெயர் சொல்லவே இல்லை. ஒரே ஒழுங்கைப் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பதும் முகத்துக்கு நேரே பேசுவதும், மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் பாதித்து நடத்தையை மாற்றும் மறதிநோய் வகை (frontotemporal dementia) போலத் தோன்றும். இளமையிலிருந்தே இருந்ததா என்பதைச் சொல்லப் பெற்றோர் இருக்க மாட்டார்கள். உடன்பிறந்தவர்களையும், பள்ளி அறிக்கை, பழைய கடிதங்களையும் தேடுங்கள்.

மனச்சோர்வு, தூக்கமின்மை, காது மந்தம், தைராய்டு, பி12 குறைபாடு, மருந்துகள் தரும் மந்தம் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

கூசும் வெளிச்சத்தில், முன்பின் தெரியாதவர் முன்னால் உட்காரவைத்து எடுத்த மதிப்பெண், பதற்றத்தையும் சேர்த்தே அளந்திருக்கும். என்ன கேட்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்னரே எழுதிக் கொடுங்கள், இடைவேளை விடுங்கள்.

அறிவுசார் குறைபாடும் சேர்ந்து உள்ளவர்களுக்கு மோகா பொருந்தாது. அவர்களுக்கு மறதிநோயின் தொடக்க அறிகுறிகளைக் குறித்துக்கொள்ள 'என்டிஜி-இடிஎஸ்டி' (NTG-EDSD) போன்ற படிவங்கள் உண்டு. நன்றாகத் தெரிந்த பராமரிப்பாளர் நிரப்பி மருத்துவரிடம் எடுத்துச் செல்லலாம்.