ஏ.டி.எச்.டி. உள்ளவர் அமெரிக்க ராணுவத்தில் சேர நினைத்தால்

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு) என்று மருத்துவர் ஒருவர் என்றோ எழுதிவைத்த ஒரே காரணத்துக்காக அமெரிக்கப் படைகள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. பாதுகாப்புத் துறையின் 6130.03 எண்ணுள்ள மருத்துவத் தகுதி விதி நான்கு நிலைமைகளில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் அதைத் தடையாகக் கருதுகிறது: கடந்த 24 மாதங்களுக்குள் மருந்து எழுதித் தரப்பட்டிருத்தல், 14 வயதுக்குப் பிறகு பள்ளியிலோ வேலையிலோ தனிச்சலுகை (தேர்வில் கூடுதல் நேரம் போன்றது) பரிந்துரைக்கப்பட்டிருத்தல், உடன் வேறு மனநலக் கோளாறும் இருந்திருத்தல், படிப்போ பணியோ பாதிக்கப்பட்டதற்குப் பதிவு இருத்தல். பெற்றோர் போராடி வாங்கித் தந்த பள்ளிச் சலுகையே பிற்பாடு பிள்ளைக்குத் தடையாக வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை; ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே ஆள்சேர்ப்பு அலுவலரைச் சந்திப்பதற்கு முன்பே மருத்துவர், மருந்துக்கடை, பள்ளி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் பதிவுகளை வாங்கித் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். கணக்கில் வருவது மருந்து எழுதித் தரப்பட்ட தேதி என்பதால், மாத்திரையை நிறுத்திய பிறகும் மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த 24 மாதக் காலம் இன்னும் தொடங்கவே இல்லை. இந்தக் கால அளவு அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பில் உள்ளது எது என்பதையும் அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மருந்தை நிறுத்துவதாக இருந்தால் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நிறுத்த வேண்டும். மருந்தில்லாத அந்த மாதங்களில் படிப்பும் வேலையும் வண்டி ஓட்டுவதும் எப்படிப் போகின்றன என்று கவனியுங்கள். கட்டுக்கோப்பான அன்றாட ஒழுங்கு சிலருக்குத் துணையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தூக்கமில்லாத இரவுக்காவலும் மணிக்கணக்கான காத்திருப்பும் அதே ராணுவ வாழ்க்கையின் பகுதிகள். மருந்தில்லாமல் தடுமாறுகிறவர் வேறு தொழிலைத் தேடுவதே நல்லது என்பது என் கருத்து.

மறைத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ராணுவத்தின் ஜெனிசிஸ் என்ற மின்னணு மருத்துவப் பதிவு முறையின் வழியாகத் தனியார் மருத்துவமனைப் பதிவுகளும், சேர வருவோரைச் சோதிக்கும் ராணுவ மருத்துவப் பரிசோதனை நிலையத்தாரின் பார்வைக்கு வரக்கூடும். தெரிந்தே பொய் சொல்லிச் சேர்வது ராணுவச் சட்டப்படி குற்றம்.

தகுதியில்லை என்று பரிசோதனையில் முடிவானால் விதிவிலக்குக்கு முயலலாம். அதை நீங்களே நேரடியாகக் கோர முடியாது. ஆள்சேர்ப்பு அலுவலர் வழியாகத்தான் செல்ல வேண்டும். ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியே முடிவெடுப்பதால், கடற்படை மறுத்தவரைத் தரைப்படை ஏற்கவும் கூடும். மருந்தில்லாத காலத்து மதிப்பெண்கள், முதலாளியின் கடிதம், மருத்துவரின் அண்மைய மதிப்பீடு ஆகியவற்றை விண்ணப்பத்துடன் இணையுங்கள். முடிவு எழுத்தில் வரும்வரை கையிலுள்ள வேலையையோ கல்லூரி இடத்தையோ விட்டுவிடாதீர்கள்.