சிவில் நீதிபதி முதன்மைத் தேர்வு: விடை எழுதப் பழகும் முறை

சட்டப் படிப்பு முடித்துப் பதிவு செய்தவர்கள் எழுதும் அகில இந்திய பார் தேர்வில் 100 கொள்குறி வினாக்கள்தான். ஒரு பத்திகூட எழுத வேண்டாம். சிவில் நீதிபதி ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் நிலைமை வேறு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அந்த முதன்மைத் தேர்வு முழுக்க முழுக்க எழுத்து. பார் தேர்வை எளிதாகத் தாண்டியவர்கள்கூட இங்கே திணறுவதை நிறையப் பார்க்கிறேன். சட்டம் தெரியாததால் திணறுவதில்லை. தெரிந்த சட்டத்தைக் கொடுத்த சங்கதிகளோடு பொருத்தி எழுதிப் பழகாததால் திணறுகிறார்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் பக்கத்து ஜூனியர் வழக்குரைஞர்கள் பலர், சென்னையிலோ மதுரையிலோ தங்கிப் படிக்க வசதி இல்லை என்று இந்தத் தேர்வையே கைவிடுகிறார்கள். அது வேண்டாம். பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத மூலச் சட்டப் புத்தகம்), வெள்ளைத்தாள், பக்கத்து நீதிமன்றம் மூன்றும் இருந்தால் இங்கிருந்தே தயாராகலாம்.

படி 1: எந்தத் தாளில் என்ன வேலை என்று பிரியுங்கள்

நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதலாவது மொழிபெயர்ப்பு. மற்ற மூன்றும் சட்டத் தாள்கள். அவற்றில் தாள் ஒன்றில் உரிமையியல், குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள், சாட்சியச் சட்டம், வழக்குரை எழுதும் நெறிகள், அரசியலமைப்பு ஆகியவை வரும். தாள் இரண்டில் உரிமையியல் வழக்குக்கு எழுவினா (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வி) வனைந்து தீர்ப்பு எழுத வேண்டும். தாள் மூன்றில் குற்றச்சாட்டு வனைந்து குற்ற வழக்குத் தீர்ப்பு எழுத வேண்டும். பெரும்பாலோர் தாள் ஒன்றுக்கே எல்லா நேரத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணில் பாதி தீர்ப்பு எழுதுவதில் இருக்கிறது என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள்.

படி 2: பேர் ஆக்டைக் கையால் படியுங்கள்

கைடு வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இரண்டாவது. ஒரு பிரிவைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அதன் கூறுகளை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக திருட்டு: அசையும் பொருள், ஒருவரின் உடைமையில் இருப்பது, அவர் சம்மதம் இல்லை, நேர்மையற்ற எண்ணம், எடுக்கும் பொருட்டு நகர்த்துதல். இந்த ஐந்தும் கையில் இருந்தால் தீர்ப்பில் ஐந்து பத்தி தானாக வரும்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக, முறையே பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் மூன்றும் அமலில் உள்ளன. வினாவில் சம்பவத் தேதியை முதலில் பாருங்கள். அந்த ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவைத்தான் போட வேண்டும்.

படி 3: எழுவினாவில் நேரம் செலவிடுங்கள்

இந்தத் தேர்வின் உயிர்நாடி இதுதான். ஒரு தரப்பு 'உண்டு' என்று சொல்லி மறுதரப்பு 'இல்லை' என்று மறுக்கும் முக்கியச் சங்கதி ஒவ்வொன்றும் ஓர் எழுவினா. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 14 விதி 1 இதைத்தான் சொல்கிறது. நம்ம ஊர் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

உச்சிப்புளி அருகே இரண்டு ஏக்கர் பனங்காடு. 2009-ல் பதிவான கிரயப் பத்திரப்படி தனக்குச் சொந்தம், பட்டாவும் தன் பெயரில், அனுபவமும் தன்னிடம் என்கிறார் வாதி. எதிர்வாதி, வாய்மொழிப் பாகப்பிரிவினையில் அது தன் தகப்பனாருக்கு வந்தது, அப்போதிருந்து தாங்கள்தான் பனை ஏறுகிறோம், அப்படியே இல்லாவிட்டாலும் 12 ஆண்டுகளுக்கு மேலான எதிரிடை அனுபவத்தால் உரிமை வந்துவிட்டது என்கிறார். வாதி கேட்பது நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிர்வாதி தலையிடக் கூடாது என்ற தடை உத்தரவு) மட்டும்.

புதிதாக எழுதுபவர் 'வாதி பரிகாரம் பெறத் தகுதியுடையவரா?' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதற்கு மதிப்பெண் வராது. இப்படிப் பிரிக்க வேண்டும்:

1. தாவா (வழக்கு) சொத்து 2009 கிரயப் பத்திரப்படி வாதிக்குப் பாத்தியமானதா?
2. எதிர்வாதி சொல்லும் வாய்மொழிப் பாகப்பிரிவினை உண்மையா?
3. எதிர்வாதிக்கு எதிரிடை அனுபவத்தால் உரிமை ஏற்பட்டுள்ளதா?
4. தாவா தாக்கலான தேதியில் வாதி அனுபவத்தில் இருந்தாரா?
5. விளம்புகை (உரிமை தன்னுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) கோராமல் உறுத்துக்கட்டளை மட்டும் கோருவது நிலைநிற்கத்தக்கதா?
6. வாதிக்குக் கிடைக்கக்கூடிய பரிகாரம் என்ன?

ஒவ்வொரு எழுவினாவுக்கும் பக்கத்தில், நிரூபிக்கும் சுமை யாருடையது என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டும் மூன்றும் எதிர்வாதியின் தலையில். இனி மூன்றாவதற்கு விடை எழுதிப் பாருங்கள். எதிரிடை அனுபவம் என்று வாதிட, சொத்து அடுத்தவருடையது என்பதை ஏற்று, அவர் அறிய அவருக்கு எதிராக அனுபவித்ததாகச் சொல்ல வேண்டும். பாகப்பிரிவினையில் எனக்கே வந்தது என்று சொல்லிக்கொண்டே இதையும் சொன்னால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இந்த முரணைக் காட்டும் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

அடுத்தது பனை ஏறியது. நம் பக்கம் பனையைக் குத்தகைக்கு வாங்கி ஏறுவது சாதாரணம். சம்மதத்தோடு ஏறியவருக்கு எத்தனை வருடம் ஆனாலும் அது எதிரிடை அனுபவம் ஆகாது. ஆக, எப்போது, எந்த முறையில் அனுபவம் தொடங்கியது என்று எதிர்வாதியின் சாட்சியத்தில் தேடுங்கள். பட்டா வருவாய்த்துறை ஆவணம், அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்பதை முதல் எழுவினாவில் மறக்காமல் எழுதுங்கள். ஐந்தாவதற்கு 2008-ல் வந்த அனத்துல சுதாகர் எதிர் புச்சி ரெட்டி தீர்ப்பு கைகொடுக்கும்: உரிமையே கடுமையான தகராறில் இருந்தால் வெறும் உறுத்துக்கட்டளை போதாது, விளம்புகையும் கேட்க வேண்டும்.

முன்தீர்ப்புகளை அடுக்க வேண்டாம். இரண்டு மூன்று போதும், ஆனால் அவை எதைத் தீர்மானித்தன என்று தெளிவாகத் தெரிய வேண்டும். இந்து சட்டக் கேள்வி வந்தால் நம்ம ஊரே ஒரு முன்தீர்ப்பைக் கொடுத்திருக்கிறது. இராமநாதபுரம் சேதுபதி தத்து வழக்கில் 1868-ல், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், நிரூபிக்கப்பட்ட வழக்காறு நூலில் எழுதிய சட்டத்தையும் மிஞ்சும் என்று சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கும் வழக்கு அது.

படி 4: குற்றச்சாட்டும் தீர்ப்பும்

குற்றச்சாட்டு சின்ன வேலைதான், ஆனால் ஒரு விவரம் விட்டுப்போனாலும் பல்லிளிக்கும். குற்றத்தின் பெயர், பிரிவு, நாள், நேரம், இடம், பாதிக்கப்பட்டவர், பொருள் எல்லாம் இருக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவுகள் 234, 235 கேட்பவை இவை. மாதிரி (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அ.சா.1 என்றால் அரசுத் தரப்புச் சாட்சி 1):

"எதிரியாகிய நீர் 12.03.2025 இரவு சுமார் 11 மணிக்கு மண்டபம் வடக்குக் கடற்கரையில் நிறுத்தியிருந்த அ.சா.1-க்குச் சொந்தமான நாட்டுப்படகிலிருந்து வெளிப்பொருத்து இன்ஜினை, அவரது சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்துடன் எடுத்துச் சென்றதன் மூலம், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303(2)-ன் கீழ் தண்டிக்கத்தக்க திருட்டுக் குற்றத்தைப் புரிந்துள்ளீர்."

இதே வழக்குக்குத் தீர்ப்பு எழுதும்போது வரிசை இது: அரசுத் தரப்பு வழக்குச் சுருக்கம், சாட்சிகளும் சான்றாவணங்களும், எதிரியிடம் கேட்ட விளக்கம், தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை, அலசல், முடிவு. சுருக்கத்தை ஒரு பக்கத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அலசலில்தான் உங்களை எடைபோடுவார்கள்.

எதிரி காவல்துறையிடம், "இன்ஜினைத் திருடி தங்கச்சிமடத்தில் வலைக் கொட்டகைக்குள் மறைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்" என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். சாக்ஷிய அதினியம் பிரிவு 23-ன்படி, கொட்டகையில் மறைத்து வைத்திருப்பதைச் சொல்லும் பகுதி ஏற்கப்படும், ஏனென்றால் அதிலிருந்து பொருள் கிடைத்தது. 'திருடி' என்ற சொல் ஏற்கப்படாது. இந்த ஒரு வரியைச் சரியாக வெட்டிக் காட்டுங்கள். அப்புறம், கைப்பற்றிய இன்ஜினின் வரிசை எண்ணும் அ.சா.1 கொடுத்த ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, மகஜர் (கைப்பற்றியதைப் பதிந்த குறிப்பு) சாட்சி முன்பு சொன்னதற்கு மாறாகப் பிறழ்ந்தாரா, திருட்டுக்கும் கைப்பற்றலுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். திருட்டு நடந்து வெகுவிரைவில் பொருள் ஒருவரிடம் இருந்து, அவரிடம் விளக்கமும் இல்லை என்றால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என நீதிமன்றம் ஊகிக்கலாம். அதே சாக்ஷிய அதினியம் பிரிவு 119-ன் எடுத்துக்காட்டு அது.

விடுதலை என்று முடித்தாலும் தண்டனை என்று முடித்தாலும் மதிப்பெண் குறையாது, காரணம் சரியாக இருந்தால். கடைசியில் சான்றுப்பொருளை என்ன செய்வது என்ற உத்தரவையும் எழுதுங்கள். இன்ஜின் மீனவரிடம் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

படி 5: மொழிபெயர்ப்பு

சாட்சி வாக்குமூலம், தீர்ப்பு, ஆவணம் மூன்றும் வரும். வாரம் இரண்டு பகுதி போதும். கவனம் வேண்டிய இடம் வாக்குமூலம்: 'பார்த்தேன்' என்பதும் 'பார்த்ததாகச் சொன்னார்கள்' என்பதும் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒன்றாகிவிடக் கூடாது. ஒன்று நேரடிச் சாட்சியம், மற்றது கேள்விச் சாட்சியம் (பிறர் சொல்லக் கேட்டது). பட்டா, அடங்கல், மகஜர், கிரயம், ஒத்தி போன்ற சொற்களுக்குத் தனி நோட்டுப் போடுங்கள்.

படி 6: கடிகாரம் வைத்து எழுதுங்கள்

180 நிமிடத்துக்கு 100 மதிப்பெண் என்றால் 25 மதிப்பெண் வினாவுக்கு 45 நிமிடம். அதில் முதல் 10 நிமிடம் படிக்கவும் குறிப்பெடுக்கவும். கணினியில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு மூன்று மணி நேரம் கையால் எழுதுவதே பெரிய பாடு. விரல் வலி போக வேறு வழியில்லை, தினமும் எழுத வேண்டும். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் இரண்டிலும் வேகம் வராது. தமிழைத் தேர்ந்தெடுத்தால் அ.சா.1, அ.சா.ஆ.1 (அரசுத் தரப்புச் சான்றாவணம்), சா.பொ.1 (சான்றுப்பொருள்) என்ற நீதிமன்றக் குறியீடுகளை அப்படியே பயன்படுத்துங்கள்.

படி 7: உண்மையான தீர்ப்போடு ஒப்பிடுங்கள்

இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, வழக்குரை, எதிர்வழக்குரைச் சுருக்கங்களை மட்டும் படித்து நிறுத்துங்கள். எழுவினாக்களை நீங்களே எழுதுங்கள். பிறகு நீதிபதி எழுதியதைப் பாருங்கள். நீங்கள் விட்டது எது, அவர் சேர்த்தது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். இராமநாதபுரத்திலோ இராமேஸ்வரத்திலோ திருவாடானையிலோ நீதிமன்றம் போகும் நாளில் வாய்தா வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல் ஒரு குறுக்கு விசாரணையாவது உட்கார்ந்து கேளுங்கள். நேரடி நியமனத்துக்கு மூன்று ஆண்டு வழக்குரைஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அனுபவத்தை இப்படித்தான் விடைத்தாளில் காட்ட முடியும்.

எழுதியதைத் திருத்த உங்கள் சீனியரிடம் கேளுங்கள். பத்துத் தாளைக் கட்டாகக் கொடுத்தால் யாருக்கும் நேரம் இருக்காது. மாலையில் ஆபீஸ் ஓய்ந்த பிறகு ஒரே ஓர் எழுவினாவுக்கு எழுதிய இரண்டு பக்கத்தை நீட்டி, "சார், இந்த முடிவுக்கு நான் சொன்ன காரணம் நிக்குமா?" என்று அதை மட்டும் கேளுங்கள்.