சும்மா ஓடினால் வேகம், தண்ணீர் இறைத்தால் திணறல்

மன்னார்குடி பக்கம் எங்கள் வயலில் சோலார் பம்ப் பாதித் தண்ணீர்தான் இறைத்தது, மோட்டாரோ கொதித்தது. பேரிங், கன்ட்ரோலர் இரண்டையும் மாற்றியும் பலனில்லை. குறுவை நாற்று வாடியதுதான் மிச்சம்.

விசித்திரம் என்னவென்றால், பம்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மோட்டார் முன்பைவிட வேகமாகச் சுற்றியது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் வலுவிழந்தால் எதிர் மின்னழுத்தம் (சுற்றும்போது மோட்டாரே உண்டாக்கி, உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்க்கும் வோல்டேஜ்) குறைந்து இப்படித்தான் ஆகும். சித்தப்பா வயலில் இருந்த அதே ரக மோட்டாரையும் இதையும் டிரில்லிங் மெஷினால் ஒரே வேகத்தில் சுற்றி, மூன்று வயர்களில் இரண்டிரண்டுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்தேன். அதில் 40 வோல்ட், இதில் 31. மூன்று ஜோடியிலும் ஒரே அளவு குறைவு. காயில் கெட்டிருந்தால் ஜோடிக்கு ஜோடி வித்தியாசம் வந்திருக்கும். ஆகவே காயில் மீது பழியில்லை.

சாதாரண நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரி செல்சியஸே எல்லை. மோட்டார் இருந்ததோ தகரக் கொட்டகையில். 150 டிகிரி வரை தாங்கும் ரகத்தை வாங்கி, திசைகாட்டியால் முனை பார்த்து, வடக்கும் தெற்கும் மாறி மாறி வர ரோட்டாரில் (மோட்டாரின் சுற்றும் பகுதியில்) ஒட்டினேன். வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது.