கெய்ரோவுக்குத் திருத்தம் அனுப்புமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ கணினித்துறை படிப்பவர், முல்லைத்தீவில் வீட்டிலிருந்தபடி நிரல் எழுதுபவர், யாராக இருந்தாலும் வரைகலை நூலகம் ஒன்றில் கைவைக்க விரும்பினால் கெய்ரோ (cairo) என்ற திறந்தமூல நூலகம் நல்ல தொடக்கம். சி மொழியில் எழுதப்பட்டது. தனியான கிராபிக்ஸ் கார்ட் வேண்டாம். பழைய லப்டொப்பிலேயே பில்ட் செய்து ஓட்டலாம். சாளர நிரல்களுக்கான ஜிரிகே 3 (GTK), படம் வரையும் இங்க்ஸ்கேப் போன்றவை இதைக்கொண்டு வரைவதால் சிறு திருத்தமும் பல திரைகளில் தெரியும். தவறான திருத்தமும் அதே தூரம் போகும்.

திருத்தங்கள் ஏற்கப்படாமல் திரும்பி வருவதற்கு அடிப்படையான காரணம் ஒன்றுண்டு: தன் கணினியில் படம் சரியாகத் தெரியும்வரை எண்களை மாற்றிப் பார்த்து, சரியானதும் அனுப்பிவிடுவது. பிழை எந்த வரியில், ஏன் பிறக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் அது திருத்தம் அல்ல. பிழையை வேறோர் இடத்துக்கு நகர்த்திய வேலை.

பிழையே இல்லாததைத் திருத்துவது

புதியவர்கள் அடிக்கடி சிக்குவது ஒரு பிக்சல் கோட்டில். கிடை ஆள்கூறு 10 இல், தடிப்பு 1 ஆக நிலைக்குத்துக் கோடு போட்டால், இரண்டு பிக்சல் அகலத்தில் மங்கலான சாம்பல் கோடு வரும். கெய்ரோவில் முழு எண்கள் பிக்சலின் ஓரத்தைக் குறிக்கின்றன, நடுவை அல்ல. கோடு 9.5 முதல் 10.5 வரை விழுந்து இரு பிக்சல்களையும் பாதி பாதி மூடுகிறது. 10.5 இல் வரைந்தால் கூர்மையாக வரும். இதற்காக நூலகத்துக்குள் அரைப் பிக்சல் கூட்டும் திருத்தம் எழுதினால், சரியாக எழுதப்பட்ட மற்ற எல்லா நிரலும் அரைப் பிக்சல் தள்ளிப்போகும்.

வெறுமையான படமும் இப்படித்தான் ஏமாற்றும். கெய்ரோவின் வரைசூழல் (context) ஒருமுறை பிழைநிலைக்குப் போனால் அதன்பின் வரும் எந்த அழைப்பும் எதையும் வரையாது, சத்தமும் போடாது. சாளரத்தின் அகலம் பூச்சியமாக இருக்கும் கணத்தில் அதை அளவுமாற்றத்துக்குக் கொடுத்தால் உருமாற்ற அணி (matrix) செல்லாததாகிவிடும். அதற்குப் பின் நூறு வரி தள்ளி இருக்கும் வட்டம் வராது. வட்டம் வரையும் பகுதியைத் துருவாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் பின் நிலைக்குறியீட்டைக் கேட்டுப் பாருங்கள். முதலில் பிழை சொல்லும் இடமே தேட வேண்டிய இடம்.

அடுக்கை மாற்றிப் பிடிப்பது

ஒரு நூலகத்தின் வேலையை இன்னொன்றில் திருத்தப் போவது, தமிழ் எழுத்து சிதைந்து தெரிகிறது என்ற முறைப்பாட்டில் அதிகம். "கொ" என்பதில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வர வேண்டும். யுனிகோடில் அது மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அந்த வரிசையை மாற்றுவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். உருவை பிக்சலாக்குவது ஃப்ரீரைப். நிறங்களைக் கலப்பது பிக்ஸ்மன். இவற்றை ஒன்றாக இணைத்து வரைவது கெய்ரோ. கொம்பு வலப்பக்கம் வந்தால், பெரும்பாலும் நிரல் கெய்ரோவின் எளிய எழுத்து அழைப்பை நேரே பயன்படுத்தியிருக்கும். அந்த அழைப்பு செயல்விளக்கத்துக்காக வைக்கப்பட்டது. எழுத்துகளை ஒவ்வொன்றாக உருவாக மாற்றுமே தவிர வரிசை மாற்றாது. அங்கே கெய்ரோவில் தமிழுக்கென ஒரு நிபந்தனை சேர்ப்பது எங்களுக்கே கேடு: அது கொம்பைச் சரிசெய்தாலும் "ஸ்ரீ" போன்ற கூட்டெழுத்தில் உடையும். ஹார்ஃப்பஸைக்கொண்டு எழுத்தை அடுக்கும் பங்கோ (Pango) நூலகம் வழியாக அனுப்பினால் எல்லாம் சரியாகும். எழுத்தின் வரிசை சரியாக இருந்து ஓரம் மட்டும் கறுத்துத் தெரிந்தால், அப்போதுதான் கலப்புக் கணக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

பிக்சல் கணக்கு

உண்மையான பிழைகள் மிகுதியாகக் கிடைப்பதும், அவசரத் திருத்தங்கள் மிகுதியாகத் தவறுவதும் இங்கேதான்.

கெய்ரோவின் 32 பிற் நிற வடிவத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒளிபுகாமையால் ஏற்கெனவே பெருக்கப்பட்டே இருக்கும். ஒளிபுகாமை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், பாதி ஒளிபுகும் சிவப்பு என்றால் 128, 128, 0, 0. அதை 128, 255, 0, 0 என்று எழுதினால் நிறம் ஒளிபுகாமையைவிடப் பெரிதாகி, கலக்கும்போது ஓரங்கள் தீப்பிடித்ததுபோல் வெளுக்கும். பிஎன்ஜி கோப்பு பெருக்கப்படாத நிறத்தைத் தருவதால், நீங்களே அதை வாசித்துப் பிக்சல்களை நிரப்பும்போது இந்தத் தவறு நுழைகிறது.

பெருக்கியபின் 255 ஆல் வகுக்க வேண்டியதை, வேகத்துக்காக 8 பிற் வலப்பக்கம் நகர்த்துவது அடுத்த தவறு. அது 256 ஆல் வகுப்பதாகும். 255 ஐ 255 ஆல் பெருக்கினால் 65025. 8 பிற் நகர்த்தினால் 254. முழு வெள்ளை ஒவ்வொரு கலப்பிலும் ஒரு படி இருளும். பத்து அடுக்கு வரைந்தால் கண்ணுக்கே தெரியும். சரியான குறுக்குவழி: பெருக்கத்தோடு 128 ஐக் கூட்டுங்கள், வரும் எண்ணை 8 பிற் நகர்த்தி அதனுடனேயே கூட்டுங்கள், பிறகு 8 பிற் நகர்த்துங்கள். இப்போது 255 கிடைக்கும்.

ஒரு வரிசையின் நீளம் அகலத்தை பிக்சலின் பைற்றால் பெருக்கியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசைகள் 4 பைற் எல்லைக்கு ஒழுங்குபடுத்தப்படுகின்றன. பிக்சலுக்கு ஒரு பைற் உள்ள முகமூடிப் படம் 50 பிக்சல் அகலமானால் வரிசை 52 பைற். 50 என்று கணக்கிட்டால் ஒவ்வொரு வரிசையும் இரண்டு பைற் சரிந்து படம் சாய்ந்துவிடும். 64, 128 என்று நாலால் வகுபடும் அகலத்தில் மட்டும் சோதிப்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது. 37, 51 போன்ற அகலங்களிலும் ஓட்டிப் பாருங்கள்.

பிக்சல் நினைவகத்தை நேரடியாகத் தொடுமுன் மேற்பரப்பை (வரைவு விழும் இடம், surface) ஃப்ளஷ் செய்வதும், அதாவது தேங்கிய வரைவுகளை முடிப்பதும், தொட்டபின் மாறிவிட்டதாக அறிவிப்பதும் கட்டாயம். படமேற்பரப்பில் இவற்றை விட்டாலும் பல வேளை ஓடும். லினக்ஸின் எக்ஸ் (X11) சாளரத்தில் பழைய படம் திரும்பித் தெரியும். நினைவக அளவைக் கணிக்கும்போது 32 பிற் முழு எண்ணை நம்ப வேண்டாம்: 32768 ஐ 16384 ஆல், பிறகு 4 ஆல் பெருக்கினால் குறியுள்ள எண்ணின் எல்லையைச் சரியாக ஒன்றால் தாண்டும். நிலைப்புள்ளி எண்களும் (பின்னத்துக்கென்று சில பிற் ஒதுக்கிய முழு எண்கள்) கவனம்: கெய்ரோ பின்னத்துக்கு 8 பிற் வைக்கிறது, ஃப்ரீரைப் 6, பிக்ஸ்மன் 16. மாற்றாமல் கொடுத்தால் அளவு 4, 256 அல்லது 1024 மடங்கு பிசகும்.

பிக்ஸ்மனில் ஒரே கலப்புக்குப் பல பாதைகள் உண்டு: பொதுவான சி நிரல், பல பிக்சல்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வேகப் பாதைகளாக இன்டெல் வகைக்கு எஸ்எஸ்இ2, போன்களின் ஆர்ம் சிபியூவுக்கு நியோன். லப்டொப்பில் ஓடும் பாதையை மட்டும் திருத்தினால் போனில் பிழை அப்படியே இருக்கும். வேகப் பாதைகளை நிறுத்த அதற்கென்றே ஒரு சூழல் மாறி (environment variable) இருக்கிறது. அதை வைத்து ஓட்டும்போது பிழை மறைந்தால் குற்றம் வேகப் பாதையில்; மறையாவிட்டால் பொது நிரலிலோ அதற்கும் மேலேயோ.

பில்ட், டேற்றா, வரலாறு

இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் கொன்ஃபிகர், மேக் என்று சொல்லும். 2023 இல் வந்த 1.18 இலிருந்து அந்தக் கட்டளைகளைத் தரும் ஓட்டோரூல்ஸ் (Autotools) நீக்கப்பட்டுவிட்டது, பில்ட் செய்ய மீசனும் (Meson) நிஞ்ஜாவும்தான். பில்ட் செய்ததைக் கணினியின் பொது அடைவில் நிறுவ வேண்டாம். உங்கள் பிழை டெஸ்க்டொப்பையே விழுத்திவிடும். மீசனின் டெவென்வ் கட்டளைக்குள் சோதனை நிரலை ஓட்டுங்கள். ஓட்டுமுன் எல்டிடி (ldd) கட்டளை கொண்டு அது எந்த நூலகக் கோப்பை இணைக்கிறது என்று பாருங்கள். பழைய நூலகத்தையே சோதித்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று அறிவித்த திருத்தங்கள் உண்டு.

ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் கிற் குளோன் (git clone, மூலநிரலை வரலாற்றோடு இறக்குவது) பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். ஆழம் 1 என்று கடைசி கொமிற்றை (பதிவான மாற்றம்) மட்டும் எடுத்து, பிறகு 500, 500 கொமிற்றாக ஆழப்படுத்துங்கள். முடிந்த பகுதி கையில் நிற்கும். ஆழம் 1 உடனேயே நின்றுவிட்டு பைசெக்ட் (பிழை புகுந்த கொமிற்றை வரலாற்றைப் பாதி பாதியாக்கித் தேடுவது) செய்ய முயல்வது வீண். தேட வரலாறே இல்லை. முழு வரலாறும் இருந்தால் ஆயிரம் கொமிற்றுக்குள் குற்றவாளியைப் பிடிக்கப் பத்துச் சுற்றுப் போதும். பில்ட் ஆகாத கொமிற்றைக் கெட்டது என்று குறிக்க வேண்டாம். தானியங்கி ஸ்கிரிப்ட் 125 என்ற குறியீட்டுடன் வெளியேறினால் கிற் அதைத் தவிர்த்துச் செல்லும். கரண்ட் போய்த் திரும்பியபின் காரணமில்லாத இணைப்புப் பிழை (linker error) வந்தால், பூச்சிய அளவில் கிடக்கும் பொருட்கோப்புகளை (.o) அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள்.

ஒப்பீட்டுப் படங்களும் வேகமும்

கெய்ரோவின் சோதனைத் தொகுதி வரைந்த படத்தை ஒப்பீட்டுப் படத்துடன் பிக்சல் பிக்சலாகப் பார்க்கும். சோதனை தோற்றதும் ஒப்பீட்டுப் படத்தைத் தன் வெளியீட்டால் மாற்றுவதுதான் இந்த வேலையில் மிக மோசமான பழக்கம். பிழை அன்றிலிருந்து சரியென்று பதிவாகிவிடும். முதலில் வேறுபாட்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துள்ள சோதனைகள் மட்டும் தோற்றால் உங்கள் கணினியின் ஃப்ரீரைப் பதிப்போ எழுத்துருவோ வேறு. மாற்றம் செய்யாத நிரலிலும் அவை தோற்கும். ஆகவே கைவைக்குமுன் ஒருமுறை முழுத் தொகுதியையும் ஓட்டிப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத் திருத்தம் என்றால் வன்னி வெயில் கணக்கில் வர வேண்டும். மத்தியான வெக்கையில், ஏசி இல்லாத அறையில் சிபியூ சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைக்கும். பழைய நிரலைப் பத்து முறையும் அடுத்துப் புதியதைப் பத்து முறையும் ஓட்டினால் புதியது மெதுவாகத் தோன்றும். பழையது, புதியது என்று மாறி மாறி ஓட்டி, சராசரியை விட்டு மிகக் குறைந்த நேரங்களை ஒப்பிடுங்கள். சார்ஜர் குத்தியிருக்கட்டும், அதிகாலை இன்னும் நல்லது.

அனுப்பும்போது ஒரு கொமிற்றில் ஒரு மாற்றம் மட்டும். இடைவெளி ஒழுங்குபடுத்தியதைப் பிழைத் திருத்தத்தோடு கலந்தால், மாறிய நாலு வரியை நானூறு வரிக்குள் தேட வேண்டிவரும். தலைப்பு வரியில் எந்தப் பகுதி, என்ன மாற்றம் என்பதும், கீழே பிழை ஏன் வருகிறது என்பதும் இருக்க வேண்டும். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும், காரணம் விடுபடக்கூடாது. பிழையைக் காட்டும் சோதனையை, திருத்தமில்லாமல் தோற்கிறது, திருத்தத்தோடு வெல்கிறது என்று ஓட்டிப் பார்த்துச் சேருங்கள். பரிசீலிப்பவர் மாற்றம் கேட்டால் மேலே இன்னொரு கொமிற் போட வேண்டாம். பழைய கொமிற்றையே திருத்தி, முதன்மைக் கிளையின் இப்போதைய நிலைக்கு மேல் ரீபேஸ் (rebase) செய்து, அதே இணைப்புக் கோரிக்கைக்கு (merge request) மீண்டும் தள்ளுங்கள்.