ஸ்வால்பார்டுக்குப் பாறை பார்க்கப் போகிறீர்களா? லால்பாக்கில் ஆரம்பியுங்கள்

பெங்களூரில் நிலவியல் படித்துவிட்டு ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் களப்பணிக்கு வாய்ப்புக் கிடைத்தவர்கள் முதலில் ஓடுவது ஜாக்கெட் வாங்கத்தான். அதைவிட அவசரமானது, தடித்த கையுறையைக் கழற்றாமல் வேலை செய்யும் பழக்கம்.

அதற்கு லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறையில் ஏறுங்கள். சுமார் 300 கோடி வருஷப் பழைய நைஸ் என்ற உருமாறிய பாறை, வெளுப்பும் கருப்புமாக வரிவரியாக ஓடும். தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்பதால் சுத்தியல் வீட்டிலேயே இருக்கட்டும். கையுறையோடு அந்த வரிகளின் ஸ்டிரைக் (கிடைமட்டத்தில் ஓடும் திசை), டிப் (கீழ்நோக்கிச் சாயும் கோணம்) இரண்டையும் அளந்து நோட்டில் எழுதிப் பாருங்கள், பென்சிலால்தான், குளிரில் பேனா மை உறைந்துவிடும்.

அப்புறம் காம்பஸ். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இங்கே பூமியின் காந்தப்புலம் லேசாகத்தான் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், ஸ்வால்பார்டில் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும், அதனால் நம் ஊருக்குச் சமன் செய்த முள்ளின் வடமுனை அங்கே கீழே இழுபட்டு அடித்தட்டில் உரசி நின்றுவிடும். முள்ளின் தென்பக்கம் சுற்றியிருக்கும் சின்னச் செம்புக் கம்பியை வெளிப்பக்கமாக நகர்த்திச் சமன் செய்ய வேண்டும், அதை யாராவது தெரிந்தவரிடம் இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். காந்த விலக்கத்தையும் (காம்பஸ் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம்) அந்த இடத்துக்கும் தேதிக்கும் பார்த்து மாற்றுங்கள்.

ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம், ஆனால் ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்ப ஷெங்கன் விசா இருமுறை நுழைவதாக இருக்க வேண்டும். 2008-ல் திறந்த நம் நாட்டு ஆர்க்டிக் ஆய்வு நிலையம் ஹிமாத்ரி இருக்கும் ஸ்வால்பார்டு ஊரான நி-ஓலெசுண்டில் வைஃபை, புளூடூத் இரண்டுக்கும் தடை, அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு அவை இடைஞ்சல். வரைபடங்களை இங்கேயே இறக்கிவிடுங்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி பயம் உண்டு, துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர் ஒருவர் இல்லாமல் நகராதீர்கள்.

பனியாற்றில் புதுப்பனி மூடிய பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது, கயிற்றில் பிணைந்துதான் நடக்க வேண்டும். ஓரத்துக் கல்குவியல்களுக்கு அடியில் பல இடங்களில் பனிக்கட்டி இருக்கும், கல் சறுக்கும். அங்கே கிடைக்கும் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பனியாறு மேலிருந்து இழுத்து வந்தது, எந்த மலையிலிருந்து என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எடுத்தால் பையின் மேல் ‘உதிரி’ என்று எழுதுங்கள். மலையோடு ஒட்டிய பாறையில் எடுக்கும் மாதிரிக்கு, உடைப்பதற்கு முன்பே வடக்கு அம்புக்குறியும் எண்ணும் போட்டு, ஜிபிஎஸ் இடமும் குறித்துவிடுங்கள்.

கோடையில் சூரியன் மறையாது, வேலை நீண்டுகொண்டே போகும். திரும்பும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள். பனி உருகி ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும், காலையில் முழங்கால் அளவில் தாண்டியது திரும்பும்போது இடுப்புக்கு வரலாம்.