பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும் நாளே தொடங்க வேண்டிய கோப்பு

வருமானத்தில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருக்கும் ஒரு குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட எத்தனை தலைமுறை ஆகும் என்று ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 2018-இல் கணக்குப் போட்டது. டென்மார்க்குக்கு 2, இந்தியாவுக்கு 7. அதே இந்தியாவுக்குள் இருக்கும் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22-இல் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குள் போக இங்கே வழி இருக்கிறது என்பதற்கு அந்த இடைவெளியே சாட்சி. ஆனால் அந்த வழியில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தேதி, ஒரு தாள். மதிப்பெண் இருந்தும் உதவித்தொகை வராத விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தால் இனிஷியல் தகராறு, பிறந்த தேதி தகராறு, செத்துப்போன வங்கிக் கணக்கு என்றுதான் வரும். அதனால் இந்தத் தாள்களைச் சேர்த்து வைக்கும் கோப்பை பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று எடுக்காதீர்கள். ஆறாம் வகுப்பிலேயே எடுங்கள்.

ஏன் ஆறாம் வகுப்பு

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஊரில் பேர்பெற்ற பழைய உதவிபெறும் பள்ளியில் கட்டணம் இல்லை, அதனால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று எண்ணிவிடுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம் ‘இது அரசா, உதவிபெறுவதா’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடம் உண்டு. அதற்கு அந்தத் தனியார் பள்ளியின் சான்று வேண்டும்.

கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களும் இதே ஆறாம் வகுப்புக் கணக்கைத்தான் பார்க்கின்றன. அவற்றில் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும், பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். ஐந்து வருடம் சேர்த்த தகுதி அந்த ஒரு டி.சி.யோடு போய்விடும். அந்தப் பள்ளி கட்-ஆஃபில் பத்துப் பதினைந்து கூட்டித் தரலாம். ஆனால் 7.5 சதவீதத்தில் பிள்ளை மோதுவது அரசுப் பள்ளி மாணவர்களோடு மட்டும். அந்த இடத்துக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இரண்டு வருட விடுதிப் பள்ளிச் செலவை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இந்தச் சலுகையையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை என்றால் கணக்கு மாறும், உண்மைதான். அப்போதும் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியையும், மாவட்டத்தின் மாதிரிப் பள்ளியையும் முதலில் விசாரியுங்கள்.

பெயர் ஒன்று, எழுத்து ஒன்று

பள்ளிப் பதிவேட்டில் ‘மு. செல்வி’, ஆதாரில் ‘செல்வி முருகன்’, பாஸ்புக்கில் இனிஷியல் கடைசியில். மனிதர்களுக்கு இது ஒரே செல்வி. கணினிக்கு மூன்று பேர். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றை அடிப்படையாக வைத்து ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே எழுத்து, அதே இடைவெளி, அதே இடத்தில் இனிஷியல். பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தத் தாளைக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

இ-சேவை மையத்தில் முதல் சான்றுக்குப் போகும்போது உங்கள் விவரங்களைப் பதிந்து ஒரு கேன் எண் (விண்ணப்பதாரர் அடையாள எண்) உருவாக்குவார்கள். அதில் அன்று தப்பாக அடித்த பெயர்தான் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றிலும் அச்சாகும். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஒரு சான்றுக்கு மையக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

பத்தாம் வகுப்பில் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது பள்ளியில் கையெழுத்து வாங்குவார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் சுலபமாகத் திருத்தக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான். மதிப்பெண் சான்று அச்சான பிறகு பெயர் மாற்ற அரசிதழ் வரை அலைய வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பிள்ளை மட்டும் போட்டுவிட்டு வர விடாதீர்கள்.

ஆதார் கைரேகையை 15 வயதில் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ரேகை பொருந்தவில்லை என்று திரும்பி வருவார்கள்.

சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். பழங்குடியினருக்கு அது கோட்டாட்சியர் வரை போவதால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆறாம் வகுப்பிலேயே விண்ணப்பிப்பதற்கு அது இன்னொரு காரணம். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். டிசம்பரில் எதற்கோ வாங்கியதை அடுத்த வருடக் கடைசிவரை நம்பாமல், கல்லூரி சேரும் வருடம் ஏப்ரலில் புதிதாக வாங்குங்கள். மே, ஜூன் வந்தால் வி.ஏ.ஓ. மேசையில் ஊரே நிற்கும்.

எட்டாம் வகுப்பில் ஒரு பரீட்சை

என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வைப் பற்றி ஆசிரியர் சொன்னால்தான் பெற்றோருக்குத் தெரிகிறது. எட்டாம் வகுப்பில் எழுத வேண்டும். தேர்வானால் 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் 6,695 இடங்கள். அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 50. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். பாடக் கேள்விகளைப் பள்ளியில் நடத்திவிடுவார்கள். மனத்திறன் புதுசு: எண் தொடர், உருவ ஒற்றுமை, குறியீடு. பழைய தாள்களைத் தினம் இருபது கேள்வி என்று மூன்று மாதம் போட்டால் பழகிவிடும்.

தேர்வானதும் கதை முடியவில்லை. தேசிய உதவித்தொகை இணையத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் நின்றுவிடும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 55). 11-ஆம் வகுப்பில் பள்ளி மாறும்போது புதுப்பிக்க மறந்து பணத்தை விடுகிறவர்கள் அதிகம். ‘புதிய பள்ளி செய்யும்’ என்கிறது பழைய பள்ளி, ‘பழைய பள்ளி செய்திருக்கும்’ என்கிறது புதிய பள்ளி. பிளஸ் ஒன்னில் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது: 500 மாணவர், 500 மாணவியர், பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய்.

வங்கிக் கணக்கு எங்கே சாகிறது

பணம் பாஸ்புக் எண்ணுக்கு வருவதில்லை, ஆதார் எண்ணுக்கு வருகிறது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு பிணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். ‘கணக்கில் ஆதார் கொடுத்தோம்’ என்பதும் ‘பணம் வாங்கும் கணக்காக ஆதாரைப் பிணைத்தோம்’ என்பதும் வேறுவேறு. இரண்டாவதற்கு வங்கியில் தனிப் படிவம் தர வேண்டும். எந்த வங்கி பிணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. வைத்து நீங்களே பார்க்கலாம்.

இன்னும் இரண்டு பொறிகள். இரண்டு வருடம் பரிவர்த்தனை இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாய் போட்டு எடுங்கள். 18 வயது நிறைந்ததும் சிறுவர் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்றப் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி. என்னும் அடையாள, முகவரிச் சான்றுகளும் தர வேண்டும். இது சரியாகக் கல்லூரி முதலாண்டில், மாதம் ஆயிரம் வரத் தொடங்கும் நேரத்தில் வந்து நிற்கும்.

பிளஸ் டூ முடிந்த மே மாதம்

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணக்கு 80, இயற்பியல் 76, வேதியியல் 70 என்றால் 80 + 38 + 35 = 153. மறுகூட்டலில் கணக்கில் கூடும் ஒரு மதிப்பெண் மற்றதில் கூடும் இரண்டுக்குச் சமம். பணம் ஒரு பாடத்துக்குத்தான் இருக்கிறது என்றால் எதில் போட வேண்டும் என்பது தெரிகிறதல்லவா.

விருப்பப் பட்டியலில் ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்துவதுதான் பெரிய தவறு. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், காசு கிடையாது. முந்தைய வருடம் உங்கள் சாதிப் பிரிவில் எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்று பார்த்து, உங்களுடையதற்குப் பத்து மேலே தொடங்கிப் பதினைந்து கீழே வரை அடுக்குங்கள். இடம் வந்ததும் அது 7.5 ஒதுக்கீட்டில் வந்ததா, பொதுவில் வந்ததா என்று பார்த்துவிட்டே உறுதி செய்யுங்கள். கட்டணம் இல்லை என்பது அந்த ஒதுக்கீட்டு இடத்துக்குத்தான். சேரும் நாளில் கல்லூரி வேறு பெயரில் பணம் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்து என்றதும் பாதிப் பேச்சு அடங்கும்.

ஒதுக்கீட்டில் வராதவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டதாரி இல்லை என்றால் சான்று கிடைக்கும். ஆனால் அது ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் இடத்துக்கு மட்டும். தரகர் ‘சீட் வாங்கித் தரேன்’ என்று நேரே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டாவாகிச் சலுகை போய்விடும். அந்தத் தரகருக்குக் கமிஷன் தருவது கல்லூரி என்பதை மறக்க வேண்டாம்.

வெளியூரில் படிப்பவருக்கு ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பெண்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. விடுதிச் செலவுக்குப் பயந்து பக்கத்து ஊரில் ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் இதை விசாரியுங்கள்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையத்தில் விண்ணப்பியுங்கள். வங்கிக் கிளையில் வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே திருப்பி அனுப்புவார்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், கையிலிருந்து பங்கும் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்.

கணக்கைப் பாருங்கள். வருடம் 1 லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 10 சதவீதம். தவணை தொடங்கும் ஐந்தாம் ஆண்டு முடிவில் தனி வட்டியே 1,40,000 சேர்ந்து, கடன் 5,40,000 ஆகியிருக்கும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 7,140. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் உண்டு. அது கிடைத்தால் தவணை 5,290 அளவில் நிற்கும். மாதம் 1,850 வித்தியாசம், பத்து வருடத்துக்கு. இதற்கு வேண்டியது கடன் வாங்கும்போதே கொடுக்கும் வருமானச் சான்று. வங்கியே நினைவுபடுத்தும் என்று காத்திருக்க வேண்டாம். திட்டத்தில் பெயர் சேர்ந்ததா என்று முதல் வருடமே எழுதிக் கேளுங்கள்.

பதினேழு வயதுப் பையன் கட்டட வேலைக்குப் போனால் நாளைக்கு 600 வீதம் மாதம் இருபது நாள், வருடத்துக்கு 1,44,000. கல்லூரிக் கட்டணம் பூஜ்யமானாலும் வீடு இழப்பது இந்தப் பணத்தைத்தான். இரண்டாம் செமஸ்டரில் பிள்ளைகள் நின்றுபோவதும் இதனால்தான். வட்டிக்குக் கடன் இருக்கும் வீட்டில் நான்கு வருடப் பொறியியலைவிட, பத்தாவது முடித்ததும் மூன்று வருட அரசு பாலிடெக்னிக் சரியாக வரலாம். வேலைக்குப் போய்க் கடனை அடைத்துவிட்டுப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே மாதம் 750 ரூபாய் உண்டு.

இளையவரின் கோப்பு

முதல் பட்டதாரிச் சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். மூத்தவர் வாங்கிவிட்டால் இளையவருக்குக் கிடையாது. 7.5 சதவீதமும் மாதம் ஆயிரமும் அப்படி இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. அக்கா படித்து வேலைக்குப் போனதும் அந்தச் சம்பளத்தில் தம்பியை ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தால், அவன் அப்போது எட்டாவதா ஒன்பதாவதா என்று பார்த்து, மேலே எழுதிய கணக்கை அவனுக்கும் ஒருமுறை போட்டுவிட்டு டி.சி. கேளுங்கள்.