ஓடாத எல்டொராடோவைக் கெடுக்கும் தவறுகள்

அதிகம் ஓடாத 1976 கேடிலாக் எல்டொராடோ கன்வெர்டிபிள் (கூரையை மடித்துத் திறக்கும் அமெரிக்கச் சொகுசுக் கார்) ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். முதல் தவறும் அங்கேதான். அந்த ஓடோமீட்டரில் முழு மைலுக்கு ஐந்தே இலக்கம். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்ஜியம். 4,200 என்று காட்டும் வண்டி 1,04,200 மைல் ஓடியதாகவும் இருக்கலாம். மீட்டரைத் திருத்துவது அமெரிக்காவில் 1972 முதலே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆனால் இவ்வளவு பழைய வண்டி கைமாறும்போது மைலை எழுதித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே மீட்டரை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் கூர்மையாக இருக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரத் தோல் நசுங்கியிருக்கிறதா, கதவைப் பாதி திறந்து தூக்கினால் கீல் ஆடுகிறதா, பழைய சர்வீஸ் ரசீதுகளில் மைல் படிப்படியாக ஏறுகிறதா? நான்கும் ஒத்துப்போனால் நம்பலாம்.

நம்பிய பிறகும் மைலுக்காக மட்டும் அள்ளிக் கொடுக்காதீர்கள். திறந்த கார்களைப் பாதுகாப்பு விதிகள் முடக்கிவிடும் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. 1976இல் அமெரிக்க நிறுவனங்களின் கன்வெர்டிபிள்களில் மிஞ்சியது இது ஒன்றே. அந்த ஆண்டு 14,000 வண்டிகள் வந்தன. ‘கடைசி கன்வெர்டிபிள்’ என்று பலர் வாங்கியதும் கொட்டகையில் பூட்டினார்கள். 1984 மாடலில் கேடிலாக்கே மறுபடி கன்வெர்டிபிளைக் கொண்டுவந்ததும் கோபத்தில் வழக்குப் போட்டவர்களும் உண்டு. சுருக்கமாக, இந்த மாடலில் குறைந்த மைல் என்பது அபூர்வமே இல்லை. கடைசி 200 வண்டிகள்தான் தனி ரகம்: உடல், கூரை, இருக்கை எல்லாம் வெள்ளை, பானட்டில் மெல்லிய சிவப்பு, நீலக் கோடு. சாதாரண வெள்ளை வண்டிக்குக் கோடு இழுத்து இந்தக் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். வண்டியின் அடையாள எண் (VIN) 6எல்67 என்று தொடங்கினால் அது எல்டொராடோ கன்வெர்டிபிள் என்பது உறுதியாகுமே தவிர, 200இல் ஒன்று என்று ஆகாது. அதற்கு ஆதாரக் காகிதம் வேண்டும்.

பல வருடம் நின்ற வண்டிக்கு புது பேட்டரி போட்டு உடனே சாவியைத் திருகுவதுதான் செலவு அதிகம் வைக்கும் தவறு. 8.2 லிட்டர் வி8 அது. சிலிண்டர் சுவரில் எண்ணெய் வடிந்து போயிருக்கும், பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கும். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது தடுத்தால் பலம் காட்டாதீர்கள். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பிளக் இல்லாமலே 10 விநாடி சுழற்றி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி சுழற்றுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். தட்டையான டாப்பெட் (கேம்ஷாஃப்ட்டில் உரசி வால்வைத் தள்ளும் பாகம்) உள்ள எஞ்சின் என்பதால் துத்தநாகச் சேர்க்கை 1,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) குறையாத ஆயிலாகப் பாருங்கள்.

‘மாசம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுறேன்’ என்பது இன்னொரு பழக்கம். அந்த ஐந்து நிமிடத்தில் எரிந்து உண்டாகும் நீராவி, சூடேறாத சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஓட்டினால் குறைந்தது அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடாமலே விடுங்கள்.

பெட்ரோல் டேங்க் ஏறக்குறைய 27 கேலன், அதாவது 100 லிட்டர். பாதி நிரப்பி நிறுத்தினால் மீதி இடத்துக் காற்றின் ஈரம் உட்சுவரில் துருவாகும். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை அதன் புட்டியில் உள்ள அளவுப்படி கலந்து, கார்புரேட்டர் வரை போய்ச் சேரப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். 1976 ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றுங்கள், தீப்பிடிப்பது அங்கேதான்.

மைல் குறைவு என்பதற்காகவே எல்லோரும் தொடாமல் விடும் பாகம் ஒன்று உண்டு. சத்தம் குறைய வேண்டும் என்று கேம்ஷாஃப்ட் பற்சக்கரத்தின் பற்களை நைலானில் செய்திருந்தார்கள். சூட்டிலும் வயதிலும் அது நொறுங்கும். துண்டுகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்கை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். மூடிக்குள் இருக்கும் ரோட்டர் உடனே அசையாமல் கிராங்க் மட்டும் வெகுவாக ஆடினால், அந்தப் பற்சக்கரத்தைச் சுழற்றும் செயின் தளர்ந்திருக்கிறது. ஆடாவிட்டாலும் 50 வயது நைலானை நம்பி நெடுந்தூரம் போகக் கூடாது. இரும்புப் பற்சக்கரம் போட்டால் வெளியே தெரியவே தெரியாது.

கூரையை மடித்து வைத்து நிறுத்துவது தவறு. மடிப்புக் கோடு துணியில் பதிந்துவிடும், பிறகு விறைத்த துணி இழுபட்டுக் கிழியும். விரித்துக் கொக்கி மாட்டியே நிறுத்துங்கள். இதன் கூரை கத்தரிக்கோல் மாதிரி உள்நோக்கி மடியும். ஹைட்ராலிக் கிடையாது, ஒரு மோட்டார் இரண்டு கேபிள் வழியாக இரு பக்கத்தையும் தள்ளும். ஒரு பக்கம் பின்தங்கினால் உடனே பட்டனை விடுங்கள். விடாமல் அழுத்தினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அதை நேராக்கத் தெரிந்த ஆளைத் தேடுவதே பெரும்பாடு.

பம்பருக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள மென்மையான பிளாஸ்டிக் துண்டுகள், கொட்டகையிலேயே இருந்தாலும், பிஸ்கட் போல உதிரும். மெதுவான மோதலில் பம்பர் உள்ளே போய்வர இடம் விட வைத்தவை அவை. கண்ணாடியிழையில் வாங்கி மாட்டலாம், ஆனால் வளையாது; பார்க்கிங்கில் இடித்தால் பெயின்ட்டோடு போகும். வளையும் வகைப் பிளாஸ்டிக்கே மேல்.

பெயின்ட் மங்கியிருக்கிறது என்று முழுதாக அடித்துவிடாதீர்கள். மங்கிய அசலுக்கு இருக்கும் மதிப்பு புதுப் பூச்சுக்கு வராது. அப்போதைய அக்ரிலிக் லாக்கரின் மேல் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) கிடையாது. பாலிஷ் பஞ்சில் நிறம் ஒட்டுவது இயல்புதான், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் பெயின்ட்டே குறைகிறது. ஆகவே முதலில் தடிமன் கருவியை ஓட்டுங்கள். ஒரே கதவில் ஓரிடத்தில் மட்டும் அளவு தாறுமாறாக எகிறினால் அங்கே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது.

கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வையுங்கள்; வாங்குபவர் கேட்பார். டயர் வரி ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் தேதிக் குறியீடு மூன்று இலக்கம் என்றால் அது 2000க்கு முந்தையது, காட்சிக்கு மட்டுமே. பார்க்கிங் பிரேக்கைப் போட்டு நிறுத்தாமல் சக்கரத்துக்கு அணை வையுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடாவிட்டாலும் அது ஈரத்தை உறிஞ்சும். மூடுவதற்குப் பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், மூச்சுவிடும் பருத்தித் துணி போதும். எலி நுழையாமல் புகைக்குழாயில் இரும்புப் பஞ்சு அடைக்கிறீர்களா? எடுக்க மறக்காமலிருக்க, சாவியிலேயே ஒரு சீட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள்.